பத்துக்குப் பத்து அறையில் ஓர் ஒலிக்கூடம்

வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே மின்னணு இசை செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி எதை வாங்குவது என்று கேட்டிருந்தன. வாங்கியதைக் கொண்டு எப்படிக் கேட்பது என்று கேட்டவை மிகச் சில. அந்தச் சில கடிதங்களுக்குச் சற்று அதிக இடம் தந்திருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி இருக்கிறது. பகுதிநேர வேலை பார்த்து 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். டெக்னோ, ஹவுஸ் வகை இசை செய்ய ஆசை. நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினாலே பாதி ஸ்டூடியோ வந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: கேட்கும் கருவிக்கே முதல் செலவு என்ற வகையில் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் கையிலுள்ள தொகைக்கு அது ஸ்பீக்கராக இருக்க வேண்டாம், ஹெட்போனாக இருக்கட்டும். ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் ஒலி உங்கள் காதுக்கு வந்து சேர்வதற்குள் நான்கு சுவர்களும் தரையும் கூரையும் அதில் கை வைத்துவிடுகின்றன. ஹெட்போனுக்கு அறை என்பதே கிடையாது. சீர்செய்யப்படாத அறையில் விலையுயர்ந்த ஸ்பீக்கர் ஜோடி சொல்லும் உண்மையைவிட, 10,000 ரூபாய் அளவில் கிடைக்கும் ஒரு நல்ல ஸ்டூடியோ ஹெட்போன் அதிக உண்மையைச் சொல்லும் என்பது என் அனுபவம்.

அது கம்பி உள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத் வழியாக வரும் ஒலி சுருக்கப்பட்டும் தாமதமாகவும் வருவதால், கீபோர்டுக் கட்டையை அழுத்தும் விரலுக்கும் கேட்கும் காதுக்கும் ஒத்துப்போகாது. 250 ஓம் (மின்தடையின் அளவு) என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஹெட்போனை மடிக்கணினியில் நேரடியாகச் செருகினால் பெரும்பாலும் சத்தம் போதாது. 32 முதல் 80 ஓம் வரை உள்ளது உங்களுக்குப் போதும். பாட்டுக் கேட்பதற்கென்று பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளைத் தூக்கி வைத்துச் செய்த வகைகளை வாங்காதீர்கள். அவை இல்லாத பேஸை இருப்பதாகக் காட்டும். நீங்களும் அதை நம்பிக் குறைத்துவிடுவீர்கள்.

அடுத்தது ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி. கணினியிலுள்ள எண்களை ஒலியாகவும், மைக்கிலிருந்து வரும் ஒலியை எண்களாகவும் மாற்றுவது இதன் வேலை. இரண்டு உள்ளீடு கொண்ட ஆரம்ப நிலைக் கருவி, ஃபோக்கஸ்ரைட்டோ பெரிங்கரோ, எதுவானாலும் பல ஆண்டு தாங்கும். பிறகு 25 கட்டைகள் உள்ள மிடி கீபோர்டு. அதற்குள் ஒலி எதுவும் இல்லை. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தமாகத் தட்டினீர்கள் என்ற செய்தியை மட்டும் 0 முதல் 127 வரையிலான எண்களாகக் கணினிக்கு அனுப்புகிறது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று, போட்டிக் கம்பெனிகளை ஒப்புக்கொள்ள வைத்து, 1983-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மிடி என்ற பொதுமொழியில்தான் இன்றைய கருவிகளும் பேசிக்கொள்கின்றன. மீதமுள்ள பணத்தில், உங்கள் மடிக்கணினி இடம் தந்தால், ரேமை 16 ஜிபி ஆக்குங்கள். நீங்கள் சொல்லும் இசை வகைக்கு மைக் இப்போது தேவையில்லை.

குறைந்த கருவியில் தொடங்குவதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். ரோலண்ட் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த டிபி-303 என்ற வெள்ளிநிறப் பெட்டி, தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குத் துணையாக பேஸ் கிட்டாரைப் போல் ஒலிக்க வேண்டும் என்று செய்யப்பட்டது. அது பேஸ் கிட்டாரைப் போல் ஒலிக்கவில்லை. 1984-இல் தயாரிப்பு நின்றுபோய், பழைய பொருள் கடைகளில் அடிமாட்டு விலைக்கு வந்தது. அப்படிக் கிடைத்த ஒன்றின் திருகுகளைத் திருகித் திருகிக் கேட்டுக்கொண்டிருந்த சிகாகோவின் ஃபியூச்சர் குழு இளைஞர்களிடமிருந்து 1987-இல் வெளிவந்த இசைத்தட்டே ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்கு வழி திறந்தது. கருவியைச் செய்தவர்களே எதிர்பாராத ஒலியை அவர்கள் காதால் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன், வீட்டில் ஸ்டூடியோ வைக்க வேண்டும் என்று 2 லட்சம் ரூபாய்க்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் அப்பா கோபப்படுகிறார். ஆர்வத்தைக் கெடுக்கவும் மனம் வரவில்லை, வாங்கித் தந்த பிறகு மூலையில் கிடக்குமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்வது?
— இல்லத்தரசி, ஈரோடு

பதில்: அம்மா, பட்டியலைக் கிழிக்க வேண்டாம், பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கணினியில், ஒரு ஹெட்போன் மட்டும் வாங்கிக் கொடுத்து, ஆறு மாதத்தில் மூன்று பாடல்களை முடித்துக் காட்டச் சொல்லுங்கள். முடிப்பது என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். நிமிடத்துக்கு 128 தட்டு வேகத்தில் 8 பார் (பாருக்கு நான்கு தட்டு) கொண்ட ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுழலும் துண்டு, சரியாக 15 வினாடி ஓடும். அந்த 15 வினாடியை அழகாகச் செய்துவிட்டு, அதையே நாள் முழுவதும் சுழலவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது இத்துறையில் நுழையும் எல்லாரையும் பிடிக்கும் நோய். நான்கு நிமிடம் ஓடி, தொடக்கமும் திருப்பமும் முடிவும் உள்ள ஒன்றை மூன்று முறை செய்துவிட்டால், அந்தப் பட்டியலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று அவனே கோடு போட்டுக் காட்டுவான்.

இதற்கான மென்பொருளுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஆப்பிள் கணினியாக இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். மற்ற கணினிகளுக்கு எல்எம்எம்எஸ் முற்றிலும் இலவசம். ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில் எல்லா வசதியும் உண்டு; சேமித்த வேலையை மறுபடி திறப்பதற்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். ஒருமுறை வாங்கிவிட்டால் பின்னால் வரும் பதிப்புகளுக்குக் கட்டணம் இல்லை. ஒலியைச் செயற்கையாக உருவாக்கும் சிந்தசைசர்களில் வைட்டலின் அடிப்படைப் பதிப்பும், சர்ஜ் எக்ஸ்டியும், 1983-இன் புகழ்பெற்ற யமஹா டிஎக்ஸ்7 கருவியைப் பின்பற்றிய டெக்ஸெட்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. இவ்வளவு இருக்கும்போது, பூட்டு உடைத்த மென்பொருளைப் பென்டிரைவில் வாங்கி வர அவனை விடாதீர்கள். அதோடு சேர்ந்து வரும் வைரஸ் வீட்டின் வங்கிக் கணக்கு வரை போகும். பிறருடைய உழைப்பை எடுத்துக்கொண்டு தன் உழைப்பைத் தொடங்கும் பழக்கமும் நல்லதன்று.

மகனின் அப்பாவிடம், மூன்று பாடல்களையும் உட்கார்ந்து கேட்கும்படி நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டில் 10 அடிக்கு 10 அடி அறை. ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன். பேஸ் சில ஸ்வரங்களில் காது அடைக்கும்படி முழங்குகிறது, சிலவற்றில் காணாமலே போகிறது. ஸ்பீக்கரில் குறையா? சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சரியாகும் என்கிறார்கள். வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார்.
— மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: ஸ்பீக்கரில் குறை இல்லை. உங்கள் அறை ஒரு பெட்டி, அதுவும் மிகத் தொல்லை தரும் வடிவப் பெட்டி. 10 அடி என்பது ஏறக்குறைய 3.05 மீட்டர். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பும் தூரம் 6.1 மீட்டர், 343-ஐ இதால் வகுத்தால் 56 வருகிறது. அதாவது 56 ஹெர்ட்ஸை (வினாடிக்கு 56 அதிர்வு) ஒட்டிய எந்த ஒலியும் அந்த அறையில் ஊஞ்சல் போலத் தன் வேகத்திலேயே ஆடி, அடங்க மறுக்கும். நீளம் 10 அடி, அகலமும் 10 அடி என்றால் இரண்டு ஊஞ்சல்கள் ஒரே நேரத்தில் ஆடுகின்றன. நம் ஊரில் பெரும்பாலான அறைகளின் உயரமும் 10 அடிக்கு அருகில்தான் இருக்கிறது என்பதால் மூன்றாவதும் சேர்ந்துகொள்கிறது. பேஸ் வரிகளில் அடிக்கடி வரும் கீழ் ஏ ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ். உங்கள் அறை முழங்குவது எந்த ஸ்வரத்தில் என்று இப்போது புரிந்திருக்கும்.

என் முதல் அறையும் இதே அளவு. பேஸ் பலவீனமாக இருக்கிறது என்று எண்ணி, ஒரு கடைக்காரர் சொன்னபடி வாங்கிய ஸ்பீக்கரை விற்றுவிட்டு அதைவிடப் பெரியதை வாங்கினேன். குறை அப்படியே இருந்தது. பிறகு ஒருநாள் 56 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை மட்டும் தொடர்ந்து ஓடவிட்டு, அறைக்குள் மெல்ல நடந்து பார்த்தேன். அறையின் நடுவில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது ஒலி ஏறக்குறைய இல்லை. எழுந்து பின்சுவர்ப் பக்கம் நான்கு எட்டு வைப்பதற்குள் அது நெஞ்சில் அழுந்தியது. மூலையிலிருந்த இரும்பு பீரோவின் கதவு தானாகவே கடகடவென்று அதிரத் தொடங்கியது. ஸ்பீக்கர் ஒன்றுதான், ஒலி ஒன்றுதான். நான் நின்ற இடம் மட்டுமே மாறியிருந்தது. அன்றுவரை நான் செய்த எல்லா மிக்ஸிங்கிலும் (ஒலிகளை அளவு பார்த்துக் கலக்கும் வேலை) பேஸைக் கூட்டிக் கூட்டி வைத்ததற்குக் காரணம் அந்த நாற்காலி. நீங்களும் இந்தச் சோதனையைக் குறைந்த ஒலி அளவில் செய்து பாருங்கள். எந்தப் பாடத்தைவிடவும் இது நன்றாக மனத்தில் பதியும்.

ஆகவே முதல் வேலை நாற்காலியை நகர்த்துவது. அறையின் நடுவிலும் உட்காரக் கூடாது, சுவரை ஒட்டியும் உட்காரக் கூடாது. முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் சுமார் 38 விழுக்காடு தள்ளி, உங்கள் அறையில் ஏறக்குறைய 3.8 அடியில், தலை இருப்பது தொடக்கத்துக்கு நல்ல இடம். அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். இடச்சுவரும் வலச்சுவரும் ஸ்பீக்கர்களிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும்.

முட்டை அட்டை வேண்டாம். பேஸைக் குடிப்பதற்குத் தடிமனும் எடையும் வேண்டும். 56 ஹெர்ட்ஸின் அலைநீளம் 6 மீட்டருக்கு மேல். அதற்கு முன்னால் அட்டையும் ஒன்றுதான், கடையில் விற்கும் ஓர் அங்குல ஃபோமும் ஒன்றுதான். அவை உயர்ந்த சுருதிகளை மட்டும் உறிஞ்சிவிட்டு, பேஸை அப்படியே விட்டுவைத்து, அறையை மந்தமாக்கும். அட்டை எளிதில் தீப்பற்றும் என்பது தனி ஆபத்து. கட்டடக் காப்புக்கு விற்கும் ராக்வுல் (பாறைநார்) பலகைகளை 4 அங்குலத் தடிமனுக்கு அடுக்கி, மரச்சட்டத்தில் வைத்து, காற்றுப் புகும் துணியால் நன்றாக மூடித் தைத்து, மூலைகளில் தரையிலிருந்து நிறுத்துங்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து செய்ய வேண்டும். ஆணி தேவைப்படாது, வீடு மாறும்போது கூடவே வரும். பக்கச் சுவர்களில் எங்கே வைப்பது என்பதற்கு, நீங்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, ஒருவர் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே ஒரு பலகை. இதற்கும் பணமில்லை என்றால், பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்துங்கள். முழுத் தீர்வு ஆகாவிட்டாலும், மொட்டைச் சுவரைவிட அது எவ்வளவோ மேல்.

இவை எல்லாம் அறைக்குள் நீங்கள் கேட்பதைச் சீராக்குமே தவிர, ஒலி பக்கத்து வீட்டுக்குப் போவதைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும், வாடகை வீட்டில் அது ஆகாத காரியம். இரவு 10 மணிக்குமேல் ஹெட்போன்தான்.

கேள்வி: ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ, லாஜிக் ஆகிய இசை மென்பொருள்களுள் எது சிறந்தது?
— வாசகர், சேலம்

பதில்: உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரக்கூடிய நண்பர் எதைப் பயன்படுத்துகிறாரோ அது. மூன்றின் ஒலியிலும் வேறுபாடு இல்லை. வேலை செய்யும் முறையில்தான் வேறுபாடு. ஒன்றை எடுத்தபின் ஓராண்டுக்கு மாற்றாதீர்கள்.

கேள்வி: கீபோர்டில் கட்டையை அழுத்தினால் ஒலி சற்றுத் தாமதமாக வருகிறது. அமைப்பை மாற்றித் தாமதத்தைக் குறைத்தால் படபடவென்று பொரிவது போன்ற சத்தம் வருகிறது. கணினியை மாற்ற வேண்டுமா?
— பள்ளி ஆசிரியர், மதுரை

பதில்: மாற்ற வேண்டியதில்லை. கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாகத் தருவதில்லை; ஒரு குடம் நிரம்பிய பிறகு மொத்தமாக ஊற்றுகிறது. அந்தக் குடத்துக்குப் பெயர் பஃபர். ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்) என்ற கணக்கில், 1024 மாதிரி கொள்ளும் குடம் நிரம்ப 23 மில்லிவினாடிக்குமேல் ஆகும். அதைத்தான் உங்கள் விரல் தாமதமாக உணர்கிறது. 256 என்று வைத்தால் 5.8 மில்லிவினாடி. ஒலி 2 மீட்டர் தூரம் காற்றில் வருவதற்கும் ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது என்பதால், அது யாருக்கும் இடைஞ்சலாக இருக்காது. உள்ளே வரும் வழியிலும் கருவிகளிலும் இன்னும் சிறிது தாமதம் சேரும். ஆனால் குடம் சிறிதாக ஆக, கணினி ஓடி ஓடி நிரப்ப வேண்டும். ஒருமுறை தவறினால்கூட ஒலி அறுபட்டு அந்தப் பொரியும் சத்தம் கேட்கும்.

எனவே வாசித்துப் பதியும்போது 128 அல்லது 256, வாசித்து முடித்து மிக்ஸிங் செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்வது இத்தொழிலில் எல்லாரும் செய்வது. விண்டோஸ் கணினியாக இருந்தால், இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனமே தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரை (கணினியும் இன்டர்ஃபேஸும் அதிகத் தாமதமின்றிப் பேச உதவும் மென்பொருள்) நிறுவியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். நான் பார்த்த பத்துப் புகார்களில் பாதி அந்த ஒரு படியைத் தவறவிட்டதால் வந்தவை. வைஃபையை அணைத்து, மின்சேமிப்பு முறையை விலக்கி, முடிந்த ட்ராக்குகளை ஃபிரீஸ் செய்து, அதாவது தற்காலிகமாக ஒலிக்கோப்பாக மாற்றி வைத்தால் பழைய கணினியும் தாங்கும்.

கேள்வி: நாங்கள் நாகஸ்வரக் குடும்பம். என் மகள் கணினியில் இசை செய்கிறாள். ராகத்தை மின்னணு இசையோடு சேர்க்க ஆசைப்படுகிறாள்; ஆனால் கீபோர்டில் தோடி வாசித்தால் தோடியாகவே இல்லை. எங்கள் சுருதி இரண்டரைக் கட்டை. வீட்டிலேயே நாகஸ்வரத்தைப் பதிவு செய்ய முடியுமா?
— நாகஸ்வரக் கலைஞர், திருவாரூர் மாவட்டம்

பதில்: ஐயா, இந்த இதழில் எனக்கு வந்த மிக நல்ல கேள்வி இது. தோடியின் காந்தாரத்தை நீங்கள் ஒரு புள்ளியில் நிறுத்துவதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைத்து வாசிக்கிறீர்கள். கீபோர்டின் கட்டை அந்தப் புள்ளியை மட்டும் தருகிறது, அசைவைத் தருவதில்லை. அந்த அசைவுக்கு உரியது கீபோர்டின் இடப்பக்கமுள்ள பிட்ச் பெண்ட் சக்கரம். பெரும்பாலான சிந்தசைசர்களில் அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் போகும்படி அமைந்திருக்கும். சாதாரண காந்தாரத்திலிருந்து சுத்த மத்யமம் மேலே இரண்டு அரைச்சுரம், சுத்த ரிஷபம் கீழே இரண்டு அரைச்சுரம். தோடியின் காந்தாரத்துக்கு அளவெடுத்தது போல அந்தச் சக்கரம் பொருந்துகிறது. நீண்ட ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்குவது) வேண்டுமானால் எல்லையை 12 ஆக்கலாம். ஆனால் எல்லை விரிய விரிய நுட்பமான அசைவு கைக்கு அடங்காது. சிந்தசைசரை ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் மோனோ நிலையில் வைத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கச் செய்யும் கிளைடைச் சிறிதளவு கூட்டச் சொல்லுங்கள். கையால் வாசித்தபின் திரையில் அந்த அசைவு ஒரு கோடாகத் தெரியும். உங்கள் வாசிப்பைப் பக்கத்தில் ஓடவிட்டு, அந்தக் கோட்டை அவள் திருத்தட்டும். எங்கே தவறுகிறது என்று சொல்ல உங்கள் காது பக்கத்திலேயே இருக்கிறது. பணம் கொடுத்தாலும் கிடைக்காத வசதி அது.

இந்த வழியில் முன்பே நடந்தவர் உண்டு. பம்பாயில் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்டின் டிஆர்-808 தாளக் கருவி, முன்பு சொன்ன டிபி-303, ஜூபிட்டர்-8 சிந்தசைசர் ஆகிய மூன்றைக் கொண்டு பத்து ராகங்களை ஓர் இசைத்தட்டாகப் பதிவு செய்தார். டிபி-303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி இருந்தது அவருக்குத் துணைசெய்தது. அன்று அதைக் கவனித்தவர் மிகக் குறைவு. ஏறக்குறைய முப்பது ஆண்டுக்குப் பின் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

சுருதியைப் பொறுத்தவரை, இரண்டரைக் கட்டை என்பது டி ஷார்ப். மென்பொருளில் தம்புரா ஒலியை அங்கே வையுங்கள். உங்கள் கருவி வெப்பத்துக்கும் சீவாளிக்கும் ஏற்பச் சற்று ஏறி இறங்கும் என்பதால், நாகஸ்வரத்தை முதலில் பதிந்துவிட்டு, சிந்தசைசர்களின் மாஸ்டர் டியூனிங்கை அதற்கு இணக்குங்கள். உங்களைக் கணினிக்கு இணங்க வைக்காதீர்கள். தாளத்திலும் அப்படியே. ஆதி தாளத்தின் 8 அட்சரம் நான்கு தட்டுள்ள இரண்டு பார்களில் அடங்கிவிடும். மிஸ்ர சாப்பு என்றால் பாரின் அளவையே 7 ஆக மாற்றும் வசதி ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் உண்டு.

பதிவு வீட்டிலேயே முடியும். நாகஸ்வரம் உரத்த கருவி என்பதால், 1966 முதல் மேடைகளில் புழங்கிவரும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கே போதும். அனசுக்கு (கருவியின் அகன்ற வாய்) நேரே வைக்காமல், 3 அல்லது 4 அடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், விரல்துளைகளை நோக்கி வையுங்கள். ஒலி அனசிலிருந்து மட்டும் வருவதில்லை. 24 பிட் பதிவில் மிக உரத்த இடம்கூடக் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக்கின் உள்ளீட்டு அளவு) குறைத்து வைத்தால், உச்சஸ்தாயியில் ஒலி உடையாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் துணிகள் நிறைந்த அறையில் வாசியுங்கள்.

கேள்வி: மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வருகிறது. சார்ஜரை எடுத்தால் நின்றுவிடுகிறது. மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையை எடுத்துவிட்டால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார்.
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தயவுசெய்து எர்த் முனையைத் தொடாதீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் அது உங்கள் உடல் வழியாகப் போகாமல் தரைக்குப் போவதற்கு இருக்கும் ஒரே வழி அதுதான். இரைச்சல் ஒரு தொல்லை மட்டுமே. எர்த் இல்லாத கருவி உயிரைப் பறிக்கும்.

உங்கள் நாட்டிலும் இந்தியாவிலும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 100-உம்தான் நீங்கள் கேட்கும் ரீங்காரம். அது ஐந்து கட்டைச் சுருதிக்கு மிக அருகில், ஆனால் சற்றே மேலே இருப்பதால், ஜி ஸ்வரத்தில் அமைந்த பாட்டுக்குள் தெரியாமல் ஒளிந்துகொண்டு சுருதியைக் கெடுக்கும். கருவிகள் வெவ்வேறு சுவர்ப் பிளக்குகளில் எர்த் ஆகும்போது, அவற்றை இணைக்கும் ஒலிக்கம்பி வழியாகச் சிறு மின்னோட்டம் சுற்றுவது இதற்கு வழக்கமான காரணம். மடிக்கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் நல்ல எர்த் உள்ள ஒரே பிளக்கிலிருந்து ஒரே பலகை வழியாக எடுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியை, மூன்று தொடர்பு கொண்ட பேலன்ஸ்டு வகைக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால், நல்ல மின்பணியாளரை அழைத்து வீட்டின் எர்த்தைச் சோதியுங்கள்.

கேள்வி: ஹெட்போனில் அருமையாக இருக்கும் என் பேஸ், போனில் கேட்டால் இல்லவே இல்லை. காரிலோ அதிகமாக இருக்கிறது. யாரை நம்புவது?
— டிஜே, கோயம்புத்தூர்

பதில்: போனின் சிறிய ஸ்பீக்கரால் 55 ஹெர்ட்ஸை ஒலிக்கவே முடியாது, அங்கே எவ்வளவு கூட்டினாலும் கேட்காது. ஆனால் 55-இன் மடங்குகளான 110, 165, 220, 275 ஆகியவை இருந்தால், அடியிலுள்ள 55 ஒலிக்காவிட்டாலும் நம் செவி அதை ஊகித்துக்கொள்ளும். ஆகவே பேஸின் அளவைக் கூட்டாமல், ஒலியைச் சற்றுக் கரகரப்பாக்கும் சாச்சுரேஷன் பிளக்கினை (இசை மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்) சிறிதளவு சேர்த்து அந்த மேல் மடங்குகளை உண்டாக்குங்கள். சுத்தமான சைன் அலையாலான பேஸ் போனில் மறைந்துபோவதும், சற்றுக் கரகரப்பான பேஸ் தெரிவதும் இதனால்தான். காரில் அதிகமாக இருப்பதற்கு, ஹெட்போனில் மிகக் குறைந்த ஒலியில் வைத்து வேலை செய்தது அநேகமாகக் காரணமாக இருக்கலாம். ஒலி அளவு கூடும்போது தாழ்ந்த சுருதிகள் காதுக்கு மேலும் உரத்துத் தெரியும், குறையும்போது முதலில் மறையும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். அளவை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தால் பேஸைப் பற்றிய தீர்ப்பும் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் இன்டர்ஃபேஸின் திருகில் ஒரு பேனாக் குறி போட்டு, நாள்தோறும் அதே அளவில் கேளுங்கள்.

நீங்கள் மதிக்கும், நன்கு வெளிவந்த பாடல் ஒன்றை உங்கள் வேலைக்குப் பக்கத்துத் ட்ராக்கில் எப்போதும் வைத்திருங்கள். இரண்டும் ஒரே உரத்தில் கேட்கும்படி அதன் அளவைக் குறைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கேளுங்கள். இறுதியில் கம்ப்ரஸரையும் லிமிட்டரையும் போட்டு உரக்க ஆக்கும் போட்டி வேண்டாம். ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாடலையும் கழித்தல் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் உரத்தின் அளவு) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கிறது. நசுக்கி உரக்க ஆக்கியதை அது இறக்கிவிடும், நசுங்கியது நசுங்கியதாகவே நிற்கும்.

கேள்வி: தினமும் ஆறு மணி நேரம் ஹெட்போனில் வேலை செய்கிறேன். இப்போது இரவில் காதுக்குள் "ஙீ" என்று கேட்கிறது. பயப்பட வேண்டுமா?
— இளைஞர், திருச்சி

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் இன்றே வேலையை நிறுத்துங்கள். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவின்படி 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் ஒரே மணி. உற்சாகத்தில் திருகைத் திருப்பும் விரலுக்கு 9 டெசிபல் என்பது மிகச் சிறிய தூரம். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

குணமான பின் வேலைக்குத் திரும்பும்போது, ஹெட்போனைப் போட்டிருக்கையிலேயே பக்கத்திலிருப்பவர் இயல்பான குரலில் பேசுவது காதில் விழும் அளவுக்கு ஒலியை வையுங்கள். 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, எந்தப் பாட்டும் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் இருங்கள். ரீங்காரம் இரண்டொரு நாளில் அடங்காவிட்டாலோ, ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, கேட்கும் திறன் திடீரெனக் குறைந்தாலோ காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை ஹெட்போன் மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும்.